ஐந்நூறு கிராம்

பறக்கிற நேரம் சிறகில் இல்லை மச்சான்,
வயிற்றில் இருக்குது
என்றான் துவான் ஜுனைட், கொம்பனித்தெருவில்
கூட்டுக் கதவைச் சாத்திக்கொண்டே.
அவனுடைய கர்ணப்புறாக்கள் ஒரு மணி நேரம் மேலே நிற்கும்.
என்னுடையவை இருபத்தைந்து நிமிடத்தில்
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடித் தண்ணீர்த் தாங்கியில் இறங்கி
கழுத்தைக் கோதிக்கொண்டிருக்கும்,
விருந்து முடிந்த மாப்பிள்ளைகள் மாதிரி.

சோளத்தை நிறுத்தினேன்.
கோதுமை, பார்லி, நனைக்காத பயறு கொஞ்சம்.
பறக்குமுன் ஒரு மணி கிடையாது.
இறங்கிய பிறகு தகரத்தைத் தட்டி, ஒரே வேளை,
ஐந்து நிமிடத்தில் மிச்சத்தை வழித்தெடுத்துவிட வேண்டும்.
இருபது புறா. தலைக்கு இருபத்தைந்து கிராம்.
ஐந்நூறு.

நிறுக்கக் கல் இருந்தது என்னிடம்.
நாலாம் குறுக்குத் தெருக் கடைக்கு
இலக்கத் தராசு வந்த அன்று
"நீயே வச்சுக்க கிரேசியன்" என்று
முதலாளி தந்த பழைய படிக்கல்.
பதினொரு வருடம் என் உள்ளங்கையில்
முத்திரை மழுங்கிய இரும்பு.

முதல் வாரம் நாற்பது நிமிடம்.
மூன்றாம் வாரம் ஒரு மணி பத்து.
துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு மேலே
யாரோ எறிந்த ஒரு பிடி மிளகு.
அங்கிருந்து இருபதும் ஒன்றாய்ப்
பின்னுக்குச் சுழன்று சுழன்று கீழே வந்து
சட்டென நிமிரும்.
ஜுனைட்டுக்கு வீடியோ அனுப்பினேன்.
பார்த்துவிட்டான், பதில் இல்லை.

பிறகு ஒரு செவ்வாய்.
சாம்பல் பெட்டை கரணம் போட்டது,
நிமிரவில்லை.
சுனேத்ரா அக்காவின் தையற்கடைத் தகரத்தில்
தேங்காய் விழுந்த சத்தம்.
கையில் எடுத்தேன், இன்னும் சூடு.
நெஞ்செலும்பு விரலை வெட்டியது.
இருபத்தைந்து கிராம் தின்ற பறவையின் நெஞ்சு
இப்படி இருக்காது.

செட்டியார் தெருவில் பவுண் நிறுக்கிற சதானந்தன்
பகிடியாகத்தான் கல்லை வாங்கி வைத்தான்.
நானூற்று இருபத்தெட்டு.
திரும்ப வைத்தான்.
புரட்டினோம்.
அடியில் ஈயத்தைத் தோண்டி
அரக்கு அடைத்து
மேலே கறுப்பு மை.
நேர்த்தியான வேலை என்றான், தட்டான் அல்லவா.

எனக்கு அப்போது புறா ஞாபகம் வரவில்லை.
புளூமெண்டல் ரயில் பாதையிலிருந்து சனிக்கிழமைகளில் வருகிற
மரியதங்கம்தான் வந்தாள், மடித்த பையுடன்.
"அரைக் கிலோப் பருப்பு வியாழனோட முடியுதே தம்பி,
வேற கடையில வாங்கினா வெள்ளி ராத்திரிக்கும் வரும்."
வீட்டில் எலி இருக்கும் அக்கா என்றேன்.
சாக்குத் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்,
அவளும் சிரித்தாள்.
நான் நிமிடத்தில் எண்ணியதை
அவள் கிழமையில் எண்ணியிருக்கிறாள்.

முதலாளியிடம் கேட்கவில்லை.
இரண்டு தரம் மேசை வரைக்கும் போனேன்.
இரண்டு தரமும் அவர் தேநீர் சொன்னார்,
குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது தீன் சரியான ஐந்நூறு, பத்தொன்பதுக்கு.
முப்பது நிமிடத்தில் இறங்கிவிடுகின்றன.
பந்தயப் பணத்தை ஜுனைட் தவணையில் வாங்குகிறான்.
கல், காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல்
கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.

போன சனி மரியதங்கம் வந்தாள்.
அரைக் கிலோ போட்டேன்.
பிறகு கரண்டியால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
சிவப்பு எழுத்தில் ஐந்நூற்று எழுபத்திரண்டு.
அவள் எண்ணைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
தட்டில் கைவிட்டுப் பருப்பை அள்ளி
சாக்குக்குள் திரும்பப் போட்டாள்,
ஐந்நூறு வரும்வரை,
கடைசியில் நாலு நாலு மணியாக.
"நான் கேட்டது அரைக் கிலோ, தம்பி."