மைனஸ் ஏழு

உறைபனி எச்சரிக்கை.
மூன்று வருடமாக நான் அனுப்பிய குறுஞ்செய்தி இதுதான்.
பூனோ வானிலை அலுவலகத்தில்
நூற்று அறுபது எழுத்துக்குள்
மலை முழுக்கப் பயமுறுத்தும் வேலை.

ஜூனில் ஒரு காலை
இரண்டு பஸ் மாறி, முதுகில் குழந்தையோடு
சாத்தூர்னினா டிக்கோனா வந்தாள்.
என் மேசைமேல் சாக்கைக் கவிழ்த்தாள்.
நசநசத்த உருளைக்கிழங்கு;
கீபோர்டு வரை ஓடியது நீர்.

"மைனஸ் ஏழு என்றாய்.
நம்பிப் புல்வெளியில் பரப்பினேன்.
விடிய விடிய மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு
படுத்துக் கிடந்தது உன் வானம்.
கிழங்கு உறையவில்லை, ஊறிவிட்டது."

மன்னிப்புக் கேட்டேன்.
"தப்பு யாருக்கும் வரும். அதை விடு.
அதென்ன எச்சரிக்கை?
உறைந்தால்தான் மிதிக்க முடியும்,
மிதித்தால்தான் சாறு போகும்,
காய்ந்த சுன்யோ வருடக்கணக்கில் கெடாது.
விருந்தாளி வரும்போது
திருடன் வருகிறான் என்று கத்துவாயா?"

இப்போது என்னிடம் இரண்டு பட்டியல்.
ஏரிக்கரையில் வெங்காயம் போட்ட ஃபெலிசியானோவுக்கு:
பனி வருகிறது, மூடுங்கள்.
மேட்டு ஊர்களுக்கு:
பனி வருகிறது, பரப்புங்கள்.
கூடவே, எவ்வளவு நிச்சயம் என்றும் ஒரு எண்.

நேற்று எழுதினேன்:
மைனஸ் எட்டு. பத்துக்கு ஆறு வாய்ப்பு.

அவளிடமிருந்து பதில்:
"என்னிடம் பத்துச் சாக்கு இருக்கிறது.
ஆறை மட்டும் பரப்பவா?"

படித்த படிப்பில் இதற்கு விடை இருந்ததா என்று
வெகுநேரம் தேடிவிட்டு
ஆமாம் என்று அனுப்பினேன்.

பிறகு வெளியே போய்
மேகம் இருக்கிறதா என்று
அண்ணாந்து பார்த்தேன்.