நகல் நீக்கம்

நவம்பரில் பீல் நகரத்துக்கு
மேகம் தானே இறங்கி வரும்.
ஏரி தெரியாது.
எதிர்வீட்டு பால்கனியில் தொங்கும் சைக்கிளும் தெரியாது.
பாட்டையெல்லாம் மேகத்தில் ஏற்றுவோம் என்று
குகநேசன் சொன்னபோது
ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அவனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க், டேப் சுற்றியது.
என்னிடம் இரண்டு.
ஒரே வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்.
இரண்டு ரைஸ் குக்கரில் ஒன்றைக் கொடுத்துவிட்டோம்,
இரண்டு இஸ்திரிப்பெட்டியில் பழையதை.
பாட்டுதான் பாக்கி,
பதினோராயிரத்துச் சொச்சம்.

முதலில் பெயரை வைத்துத் தேடியது செயலி.
மழை என்று தொடங்கும் ஒரு பாட்டு.
நான் இசட் எச் போட்டிருந்தேன்,
அவன் வெறும் எல்.
லோசானில் யாரோ பதிந்து தந்த சிடியில் ஒய்.
ஒருத்திக்கு மழை, ஒருவனுக்கு மலை,
மூன்றாவது என்னவென்று எழுதியவருக்கே வெளிச்சம்.
மூன்றையும் பத்திரமாக மேலே அனுப்பியது.
'ட்ராக் 03' என்றே பெயர்கொண்ட நாற்பது பாட்டையோ
எல்லாம் ஒன்றென்று சொல்லி
முப்பத்தொன்பதைத் துடைக்கப் பார்த்தது.
பாய்ந்து கேபிளைப் பிடுங்கினேன்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை.
தெருவுக்குத் தெரு பலகையில் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
ரயில் நுழையும்போது ஊரை இரண்டு தரம் கூப்பிடுவார்கள்.
இறங்குவது ஒரு தரம்தான்.

பெயரை நம்பாதை, என்றான்.
கைரேகை பார்க்கிற வசதி இருக்கு, அதைப் போடு.
பாட்டுக்கு என்ன கைரேகை?
சத்தத்தைக் கேட்டு அதுவே எடுக்கும்.
பேரை எப்படி மாத்தினாலும் பிடிச்சிடும்.
சொல்லிவிட்டுக் கட்டைவிரலைப்
பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

அந்தக் கதையை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான்.
பாசெல் முகாமில் கண்ணாடித் தட்டு,
பத்து விரல், நாலு நிமிஷம்.
"நீங்கள் ஏற்கெனவே பாரியில் இருக்கிறீர்கள்"
என்றாளாம் அந்தப் பெண், மரியாதையாகத்தான்.
பெயரில் கூட்டிய ஓரெழுத்து வீண்.
இத்தாலியில் இருப்பது மூலம்,
இங்கே குளிரில் நிற்பது நகல்.
நகலை ரயிலேற்றினார்கள்.
திரும்பி வர மூன்று வருஷம்.

இரவெல்லாம் ஓடிக்
காலையில் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு
ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்தி,
எதை வைத்துக்கொள்ள, என்று கேட்டது.

மழைப் பாட்டும் அதில் இருந்தது.
என்னுடையது காசு கொடுத்து வாங்கியது, கண்ணாடிபோலச் சத்தம்.
அவனுடையது பாரி விடுதியில்
யாருடைய ஸ்பீக்கரிலிருந்தோ போனில் பிடித்தது.
பாட்டு முடிந்த பிறகும்
பதினேழு வினாடி ஓடுகிறது.
ஒரு கரண்டி விழுகிறது.
"ஆறு மணிக்குத் தக்காளிக்குப் போகோணும், படு மச்சான்"
என்கிறது ஒரு குரல்.
இன்னொன்று எதற்கோ சிரிக்கிறது.

உன்ரைதான் தெளிவு, என்றான்.
என்ரையை அழி.
நான் கையை எடுக்குமுன் அவனே அழுத்திவிட்டு
சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
கடிகாரக் கூடு மெருகேற்றப் போய்விட்டான்.

குப்பைத்தொட்டி முப்பது நாள் வைத்திருக்கும்.
நான் முப்பது நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

அப்படியே திரும்ப வைத்தால்
கைரேகை காட்டிக்கொடுக்கும்.
ஆகவே பாட்டை வெட்டி எறிந்தேன்.
அதுதான் மேலே இருக்கிறதே.
கரண்டி விழுவதிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாடியவர் யார் என்றது.
ஆண்டு என்ன, வகை என்ன என்றது.
எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டு
அனுப்பு என்றேன்.
வெகுநேரம் சுற்றியது,
பதினோராயிரத்தோடும் வைத்துப் பார்த்தது.
ஒத்தது எதுவும் இல்லை என்றது.