கழுத்தளவு

ஃப்ரோயாவுக்கு வடக்கே, பதினாறு மீட்டர் ஆழத்தில்
லேடெக்ஸ் கிழிந்தது.
சத்தமில்லை.
பனியில் தீட்டிய விரல் ஒன்று
காதுக்குக் கீழிருந்து இறங்கி
தோளெலும்பில் கொஞ்சம் யோசித்து
முதுகு நெடுக வழிந்தது.
பையில் விசிறிச் சிப்பிகள் நாற்பத்தொன்று.
விடவில்லை.
மேலே வந்தபோது உள்ளே போட்ட கம்பளி
என்னைவிடக் கனத்தது.

கயிறு பிடித்திருந்த இங்கெர்ட்
ஒன்றும் கேட்காமல் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.
பாதிக் காப்பியில் சொன்னாள்:
"நகம் வெட்டியிருக்கலாம்."

இன்று ஹால்கைரின் பட்டறை.
மேசைமேல் இரண்டு கழுத்துகள்,
தலையும் கிடையாது, உடம்பும் கிடையாது.

லேடெக்ஸ்,
எங்கோ வெயிலில் நின்ற மரம் வடித்த பால்.
பவுடர் பூசித் தாலாட்ட வேண்டும்,
வெளிச்சம் ஆகாது, எண்ணெய்க் கை ஆகாது.
கத்தரியால் வளையம் வளையமாய் நறுக்கி
என் அளவுக்குக் கொண்டுவரலாம்,
ஒரு வளையம் கூடிப்போனால் கதை முடிந்தது.
கிழிந்தால் ஒரு மாலைக்குள் வேறு ஒட்டிக்கொள்ளலாம்.
தோலோடு தோலாய் ஒட்டும்;
குளிரை மட்டும் மறைக்கத் தெரியாது.

நியோப்ரீன் கறுப்பு, தடிமன், முரட்டுச் சாது.
விளிம்பை உள்ளே மடித்துப் போட்டால்
கழுத்துக்குத் தனியாய் ஒரு சட்டை.
இறுகினால் வெட்டக் கூடாது,
டப்பாவில் மாட்டி
இரவெல்லாம் விரியவிட வேண்டும்.
தலையைத் திருப்பும்போதெல்லாம்
நரம்போரமாய் ஒரு டீஸ்பூன் கடல் வரும்.
"வரி மாதிரி," என்றான் ஹால்கைர்,
"கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்."
தாடிக்காரன். அவனுக்கு இரண்டுமே ஒழுகும்.
ஒரு மணி நேரம் பேசினான்.
என் கழுத்தை நிஜமாகவே அறுத்தவர்கள்கூட
இவ்வளவு அறுக்கவில்லை.

மஃப்ளரை அவிழ்த்தேன்.
பேச்சு நின்றது. டேப்பைச் சுற்றினான்.
முப்பத்திரண்டரை.
போன குளிர்காலத்தில் முப்பத்துநாலு.
தைராய்டு இருந்த இடத்தில்
குறுக்கே ஒரு வடு, சிரிக்காத வாய்.
அதன் நடுவில் ஒரு பள்ளம்,
தீக்குச்சி ஒன்று படுக்கலாம்.

நியோப்ரீன் அந்தப் பள்ளத்தின்மேல் பாலம் கட்டும்.
பாலத்துக்கு அடியில் தண்ணீர் போவதுதானே வழக்கம்.
லேடெக்ஸோ பள்ளத்துக்குள் இறங்கிப் படியும்;
ஆனால் அது பட்ட இடமெல்லாம்
இப்போது தடித்துச் சிவக்கிறது.
உள்ளே வந்துபோன கையுறைகளை
உடம்பு மறக்கவில்லை போலும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன.
என் தலைக்கு மேல்
தினமும் முப்பத்தைந்து முழம் போகிறது.
என் கணக்கு வேறு:
ஒரு மில்லிமீட்டர் இறுகினால்
கழுத்து நாடி இதயத்துக்குத் தவறான சேதி அனுப்பும்,
சிப்பிகளுக்கு நடுவே தூங்கிவிடுவேன்.
ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தால்
உள்ளே குடிவருவது கடல்.

ஆஸ்பத்திரியிலும் இரண்டு தாள் நீட்டினார்கள்.
எடுத்துவிடலாம்.
எடுக்காமல், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.
அன்று யாரும் டேப்பைக் கொண்டுவரவில்லை.

"எது?" என்றான் ஹால்கைர்.
ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று
பின்னோக்கி வந்தபடி கத்திக்கொண்டே இருந்தது.
கறுப்பைத் தொட்டேன்.

நான்காம் நாள் தைத்து அனுப்பினான்.
சமையலறையில் காப்பி டப்பாவுக்கு மாட்டினேன்.
காலையில் பாதித் தூக்கத்தில் கை நீட்டினால்
கழுத்து முளைத்த டப்பா
நிமிர்ந்து நின்று என்னைப் பார்க்கிறது.
அன்று தேநீர்.

மறுபடி பதினாறு மீட்டர்.
இடப்பக்கம் ஒரு பெரிய சிப்பி வாய் மூடியது.
திரும்பினேன்.
வந்தது, சரியாக வடுவின் வழியே,
ஒரு டீஸ்பூன்.
மார்பெலும்புவரை இறங்கி
அங்கேயே சூடாகிவிட்டது.
அதற்குமேல் வரவில்லை.
வந்தாலும் தெரிந்த வழி.

பையில் அன்று இருபத்தேழுதான்.
ஒழுகியதா என்று இங்கெர்ட் கேட்கவில்லை.
எஞ்சின் மூடிமேல்
என் மஃப்ளரை விரித்து வைத்திருந்தாள்.