இடுப்புக்குக் கீழே ஒரு கை

வார்டில் இது என் வேலை.
காற்று மெத்தைக்கும் படுத்திருப்பவரின் வால் எலும்புக்கும் நடுவே
உள்ளங்கையை மல்லாத்திச் செருகிப் பார்ப்பேன்.
விரல் நசுங்கினால் காற்று போதாது.
தாராளமாக உலவினால் அதிகம்.
இரண்டு மணிக்கொரு தடவை இடப்பக்கம், வலப்பக்கம்,
சார்ட்டில் நேரம், கையெழுத்து.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் பதினோரு வருடம்.
காலை எட்டேகாலுக்குப் புதுப்பாளையம் திரும்பிப் படுத்தால்
எனக்குத் தோள் மரத்துப் போகிறது.

லேடெக்ஸ் வாங்கியது தேவநாதன்.
தவணை பன்னிரண்டு மாதம்.
மூன்று அடுக்கு, பிடிக்காவிட்டால் ஜிப்பைத் திறந்து
நீங்களே மாற்றிக்கொள்ளலாம்,
இட்லித் தட்டு மாதிரி என்றாராம் கடைக்காரர்.
எந்த இட்லித் தட்டும் இருபது கிலோ இல்லை.
ரப்பர் மேல் ரப்பர், பிடித்த பிடி விடாது.
தூக்கினால் நடுவில் தொய்ந்து
மயக்கம் தெளியாத ஆள் போல மடியில் சரிகிறது.

கைப்பிடி தேடிக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
அடியில போர்வைய விடுங்க என்றேன்.
பாதி சுருட்டி, ஒருக்களித்து, மறுபக்கம் இழுத்து,
ஒண்ணு ரெண்டு மூணு.
ஐஸ் கம்பெனியில் நாளெல்லாம் பாளம் இழுக்கிறவர்
மூச்சு வாங்கக் கேட்டார்:
"தெனமும் இப்படித்தானா?"
இப்படித்தான்.
இது முனகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வாரம் மேலே மெத்து, நடுவில் நடுத்தரம், அடியில் கெட்டி.
என் தோள் சுகமாக இறங்கியது.
தொண்ணூற்று நான்கு கிலோ அவர்;
"கெடிலத்துச் சேத்துல டயர் மாட்டின மாதிரி இருக்கு" என்று
விடியும்போது சுவரைப் பிடித்து எழுந்தார்.
அடுத்த வாரம் கெட்டி மேலே ஏறியது.
அவர் குறட்டை விட்டார்.
நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன்.
மூன்றாம் வாரம் நடுத்தரம் மேலே.
"பரவாயில்ல" என்றார். "பரவாயில்ல" என்றேன்.
இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வார்டில் அந்தச் சொல்லை நான் நம்புவதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, சீட் கவர் தைக்கும் ஜக்கரியாவிடம்
நீளக் கத்தி ஒன்று இரவல் வந்தது.
வாரண்டி போயிடும் என்றார்.
போகட்டும்.
மெத்தையும் கெட்டியையும் நீளவாக்கில்,
பையனின் சாக்பீஸால் கோடு போட்டு.
கத்தியைக் கவ்விக்கொண்டது ரப்பர்.
தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுக்க
ஊசித் துளைகள் பாதிப் பாதியாக வாய் திறந்தன.
கோணல்தான். தலைமாட்டில் ஒரு விரல் அளவு
என் பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

என் பாதியில் மெத்து மேலே, கெட்டி கீழே.
அவர் பாதியில் கெட்டி மேலே.
நடுத்தரத்தில் கத்தி வைக்கவில்லை.
அது அடியில் முழுசாகக் கிடக்கட்டும்.

படுத்துப் பார்த்தேன்.
தோள் சரி. இடுப்பு?
நமக்கு நாமே பார்க்க முடியாத இடம் அது.
கைய விட்டுப் பாருங்க என்றேன்,
மல்லாத்தி, மெதுவா.
ஐஸ் பாளம் பிடித்துக் காய்த்த கை
தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.
"நுழையுது."
லேசாவா, இறுக்கமாவா?
"காசு கொடுக்காம பஸ்ஸுல ஏறின மாதிரி,
ஓரமா."
சிரித்ததில் இடுப்பு அசைந்து கை மாட்டிக்கொண்டது.
எடுக்காமலேயே கேட்டார்,
"சார்ட்டுல நேரம் எழுதணுமா?"

இன்று இரவுப் பணி முடிந்து வந்தேன்.
அவர் ஆறு மணிக்கே துறைமுகம் போயிருப்பார்.
பழைய இலவம் பஞ்சு மெத்தையென்றால்
யார் எங்கே படுத்தார் என்று குழியைப் பார்த்தே சொல்லலாம்.
இது யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை,
எழுந்ததும் சமமாகிவிடுகிறது.
ஆனால் என் தலையணையில் நீலகிரித் தைலம்.
அவர் பக்கம்
நேற்று மாலை நான் போட்ட விரிப்பு
மடிப்புக்கூடக் கலையவில்லை.