துரத்துகிறவள்

எஸ்-ஒன்று ரயிலில் நான் ஏறும்போது
யாரும் என்னைப் பார்ப்பதில்லை.
பார்க்கிறவர்களிடம் பயணச்சீட்டு இல்லை.
பதினொரு வருடத்தில் கற்றது இவ்வளவுதான்.

மார்பில் என் பெயர்: வி. தர்மவதி.
போஹும்காரர்கள் 'தர்மா' வரை வாசித்துவிட்டு
இறங்கிப் போய்விடுவார்கள்.

இந்த உடுப்பை நான் போட்ட வருடம்
வீட்டில் மகன், ஐந்து வயது,
சோபாவில் குப்புறப் படுத்து
கட்டைவிரலால் ஒரு பெடியனை ஓட்டிக்கொண்டிருந்தான்.
தண்டவாளம், நாணயம், எதிரே ரயில்,
கூரைக்குத் தாவு, குனி, இடது, இடது!
பின்னால் மூச்சிரைக்க
தொப்பை வைத்த ஒரு காவலாளியும் நாயும்.
"அம்மா, இது நீங்கள்" என்றான்.
என்னோடு வேலை செய்யும் ஹோல்கரிடம் சொன்னேன்.
"அப்போ நாய் நான்தான்" என்று
குரைத்தே காட்டினான், ஹோன்ட்ரோப் நிலையத்தில்.

அந்தக் காவலாளியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.
இரவுப் படி கொடுக்கிறார்களா,
குதிகால் வலிக்கு என்ன பூசுகிறான்.
இத்தனை வருடத்தில் ஒரு நரை இல்லை.
டோக்கியோ, ரியோ, மும்பை என்று பெடியன் ஊர் மாற
இவனும் விசா இல்லாமல் பின்னாலேயே போகிறான்.
(எனக்கு இங்கே வந்து சேர
நாலு நாடு, பதினெட்டு மாதம்.)

லாங்கன்ட்ரேயருக்கு அப்பால்
சரக்குப் பெட்டிகள் நிற்கும் இடத்தில்
கம்பிவேலியில் பிளாஸ்டிக் பூ,
மழையில் எழுத்துக் கரைந்த ஓர் அட்டை.
கூரையில் ஏறியவன்.
கம்பியைத் தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே போதும்,
பதினையாயிரம் வோல்ட்.
விளையாட்டின் குற்றம் என்றார்கள் சிலர்.
நான் சொல்லமாட்டேன்.
ஏறுகிற பெடியன்கள் அதற்கு முன்னரும் ஏறினார்கள்.
ஆனாலும் அன்று இரவு மகனின் போனை எடுத்து
அந்தச் சின்னப் படத்தை அழுத்திப் பிடித்தேன்,
திரையில் இருந்த எல்லாமே
நடுங்கத் தொடங்கும்வரை.
அழித்தேன்.
மறுவாரம் திரும்ப வந்திருந்தது.
நான் காணவில்லை என்று அவன் நினைத்தான்;
நினைக்கட்டும் என்று விட்டேன்.

போன வெள்ளி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்,
ஸ்டேலே தாண்டி ஒருவன்.
இப்போதைய என் மகனின் வயது.
"சீட்டு போனில் இருக்கு, சத்தியமா இருக்கு,
பேட்டரி செத்துப்போச்சு."
இந்த வசனத்தைப் பதினாலு மொழியில் கேட்டிருக்கிறேன்.
அறுபது யூரோ எழுதவேண்டியவள்
என் பவர் பேங்கை நீட்டினேன்.
இரண்டு நிலையம் காத்திருந்தோம்.
ஒளி வந்தது. கட்டைவிரல் பழக்கதோஷத்தில்
முதலில் திறந்தது சீட்டை அல்ல.
பெயிண்ட் டப்பாவோடு சுவரில் கிறுக்கியபடி அதே பெடியன்,
காவலாளி வந்துசேராத அந்த முதல் கணம்.
காது சிவந்துவிட்டது அவனுக்கு.
"எவ்வளவு அடித்தாய்?"
"எட்டு மில்லியன்."
"எப்போ காட்டும் அந்த எண்ணிக்கையை?"
யோசித்தான். "பிடிபட்ட பிறகு."

சீட்டு இருந்தது. லெனார்ட் ஷிமான்ஸ்கி, செல்லுபடியாகும்.
நல்லிரவு என்றேன்.
ஏரன்ஃபெல்டில் கதவு திறந்ததும் பாய்ந்து இறங்கினான்,
போனோடு வயரும், வயரோடு என் பவர் பேங்கும்.
"ஏய், நில்!"
அவன் திரும்பிப் பார்த்தான்.
உடுப்பு ஓடி வருவதை மட்டும் கண்டான்.
சரியான சீட்டோடு ஓர் ஆள்
இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.
என் பின்னால் கதவு மூடியது;
கண்ணாடிக்கு உள்ளே ஹோல்கர்
வாயை அகலத் திறந்து குரைத்துக்கொண்டே
போஹும் நோக்கிப் போனான்.

நாற்பது மீட்டர் இருக்கும்.
பிறகு குதிகால்.
படிக்கட்டில் அவன் காலடி கேட்டு, கேட்காமல் போனது.

அடுத்த ரயிலுக்கு இருபத்தொன்பது நிமிடம்.
என் போனில் ஆறு விழுக்காடு.
மகன் எப்போதோ இறக்கி வைத்த அதை
அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன்.
பெடியனை ஓடவிட்டேன்,
இடது, கூரை, குனி.
பின்னால் அவன் மூச்சு வாங்கியது
எனக்கு நன்றாகவே கேட்டது.
எதிரே ஒரு தடுப்பு வந்தது. தாவலாம்.
விரலை எடுத்துவிட்டேன்.
அவனும் கொஞ்சம் நிற்கட்டும்.