தடங்கலுக்கு வருந்துகிறோம்

ஆறு பத்து லோக்கல்
கும்மிடிப்பூண்டியை விட்டுவிட்டதாகத்தான் சொல்வார்கள்.
எங்கள் ஸ்டேஷனில் ஒரு புங்கமரம்,
இரண்டு சிமெண்ட் பெஞ்சு,
ஒன்றில் பவுனக்காவின் நண்டுக் கூடை.
ஈரச்சாக்குக்கு அடியில் அவை
இன்னும் எங்கோ நடந்துகொண்டிருக்கும்.

சரக்கு வண்டி போகும்.
எண்ண ஆரம்பித்து நாற்பத்தொன்றில் விட்டுவிடுவேன்.
ஹௌரா மெயில் நிற்காமல் போகும்,
என் துப்பட்டாவை இழுத்துப் பார்த்துவிட்டு.

பிறகு ஒலிபெருக்கியில் அவள்:
மூர் மார்க்கெட் வரை செல்லும் புறநகர் வண்டி
இருபது நிமிடம் தாமதம்,
தடங்கலுக்கு வருந்துகிறோம்.

வண்ணாரப்பேட்டை சட்டைக் கம்பெனியில்
சூப்பர்வைசர் வருந்தியதில்லை.
எட்டைத் தாண்டினால் அரை நாள் சம்பளம்.
வீட்டிலும் அவர் வருந்தியதில்லை,
சோறு குழைந்தால் நான்தான்.
பதினோரு வருஷத்தில்
என்னிடம் வருந்திய ஒரே ஆள்
கம்பத்தின் மேல் இருக்கிறாள்,
வாயோரம் காக்கா எச்சத்தோடு.

'யாருக்குடி வேணும் அவ வருத்தம்,
நண்டு சாவுது' என்பாள் பவுனக்கா.

இன்று வெள்ளி.
வண்டி சரியாக ஆறு பத்துக்கே வந்துவிட்டது.
அவளிடம் ஒரு சொல் இல்லை.
கூடைக்கு ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டு
கதவோரம் நின்று
அண்ணாந்து பார்த்தேன்,
கம்பம் பின்னால் போகும் வரை.