மூன்றாவது தீ

லீ பஜாரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கார்மேகம்
பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"எடுத்த எடுப்புல விறகை அள்ளிப் போட்றாதீங்க சிஸ்டர்.
மூணு நாளு, மூணு சின்னத் தீ.
இரும்பு பழகணும்."

குட்டியானையில் கயிறு கட்டி
இருபது கொண்டை ஊசிக்கும் பிடித்துக்கொண்டே வந்தேன்.
பதினான்காவது வளைவில்
அது என் முழங்காலை இடித்தது.
அப்படித்தான் அறிமுகம்.

முதல் நாள்
காப்பிக் கவாத்துச் சுள்ளி ஒரு கைப்பிடி.
பற்றவைக்கத் தாள் தேடியபோது
வக்கீல் நோட்டீசும் கையில் வந்தது.
மடித்துத் திரும்ப வைத்தேன்.
வழக்கு இன்னும் இருக்கிறது.
முப்பது வருஷம் நெற்றி தொட்ட கையால்
அடுப்பின் தலையைத் தொட்டேன்:
தொண்ணூற்றொன்பது, மிஞ்சினால் நூறு.

இரண்டாம் நாள் கொஞ்சம் கூட.
ஆறும்போது எங்கோ உள்ளுக்குள்
டிக் என்றது.
நானும் பதிலுக்கு ம் என்றேன்.
தனியாக இருந்தால் இப்படித்தான்.

மூன்றாம் நாள் சில்வர் ஓக்.

எல்லையில் நின்ற மரம்.
ஐப்பசிக் காற்றில் சாய்ந்தபோது
வேர் ஞானாதிக்கம் பக்கம், தலை என் பக்கம்.
வி.ஏ.ஓ. நாடா பிடித்துப் பாதிப் பாதி என்றார்.
அறுப்புக் கூலியில் வந்தது மிச்சச் சண்டை.
அன்றிலிருந்து பேச்சில்லை.

கறுப்புப் பெயிண்ட் வேக ஆரம்பித்ததும்
மலையிறங்கும் பஸ்ஸின் பிரேக் நாற்றம்.
ஜன்னலையெல்லாம் திறந்தேன்.
பனி உள்ளே வந்துவிட்டது,
புகைதான் வெளியே போக யோசித்தது.

அப்போது வந்தார்,
குரங்குக் குல்லா, வெறுங்கால்,
தோளில் நனைத்த சாக்கு, கையில் வாளித் தண்ணீர்.
அவரே கட்டிய முள்கம்பியில்
லுங்கி ஒரு முழம் கிழிந்திருந்தது.

"எங்க?"
"அடுப்பு. புதுசு. பெயிண்ட்டு."
"பெயிண்ட்டா?"
"பெயிண்ட்டுதான்."

வாளியை இறக்கிவிட்டுக் குனிந்தார்.
கதவுக் கண்ணாடிக்குப் பின்னால்
கட்டையின் வெட்டுமுனை நுரைத்துச் சீறிக்கொண்டிருந்தது.
எந்த மரமென்று தெரிந்துவிட்டது அவருக்கு.
தெரிந்ததை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"ஈரம் இருக்கு," என்றார் அடுப்பிடம்.
"தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு.
மூடினா மரம் வேர்க்கும்."

"உங்க பாதி?"

"ஓட்டுக்குக் கீழ, காத்தாட.
ஆனா அதுவும் இன்னும் ஒரு கோடை கேக்கும்."

காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம்.
இருமல் முந்திக்கொண்டது.
போகும்போது கேட் வழியாகப் போனார்,
கொக்கியையும் மாட்டிவிட்டு.

சாயங்காலம் நாற்றம் அடங்கியது.
பளபளப்புப் போய், எருமை முதுகின் கறுப்புக்கு
வந்திருந்தது இரும்பு.
"இனிமே எவ்வளவு போட்டாலும் தாங்கும்,"
போனில் கார்மேகம்.

வாளி இங்கேயே இருக்கிறது.
பச்சை வாளி, விளிம்பில் ஆணியால் கீறிய 'ஞா'.
மேலே நாலைந்து சாம்பல் இதழ்.
காலியாகத் திருப்பிக் கொடுப்பதா
நிறைத்துக் கொடுப்பதா என்று
அடுப்புக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது.
மூக்கெல்லாம் கரி.
அதிலேயே முகம் கழுவிக்கொண்டேன்.